ஒரு கைப் பாசிக்குக் கட்டுப்பட்ட ஊர்

லாரியிலிருந்து இறங்கிய இடத்திலேயே என் செருப்புகள் இரண்டும் கறுப்பு மண்ணில் பதிந்துவிட்டன. முந்தின நாள்தான் அங்கே பருவத்தின் முதல் மழை பெய்திருந்தது. ஓர் அடி எடுத்து வைத்தால் மண்ணும் கூடவே எழுந்து வந்தது; அடுத்த அடியில் அதன்மேல் இன்னோர் அடுக்கு ஒட்டியது. பத்து அடி நடப்பதற்குள் நான் நாலு விரற்கடை உயர்ந்துவிட்டேன். அது தான்சானியா நாட்டில், பெரிய ஏரியிலிருந்து ஒரு நாள் லாரிப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு மாவட்டம். ஆனால் கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் ஊருக்குப் பிரியும் பாதையில் ஐப்பசி மழையன்று பள்ளிக்கூடம் விட்டு எப்படி நடந்தேனோ, அதே நடையைத்தான் என் கால்கள் அங்கேயும் நடந்தன. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

எதிரே ஒருவர் காற்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, சேற்றில் சிக்கிய மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். தம்முடைய மண்ணைப் பார்த்துத்தான் இந்த வெளியூர்க்காரன் சிரிக்கிறான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். பாதையோரத்திலிருந்து ஒரு குச்சியை எடுத்து, செருப்பைச் சுரண்டிக்கொள்ளும்படி என்னிடம் நீட்டினார். நான் குச்சியை வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குதிகாலை முதலில் ஊன்றி, விரல்களை விரித்து, எங்கள் ஊர்ப் பாங்கில் நடந்து அவரிடம் போனேன். அவர் என் கால்களைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

அவர் அந்த வட்டாரத்தின் வேளாண் அலுவலர். அந்த நாட்டில் இந்த வேலையில் இருப்பவரை ‘புவானா ஷாம்பா’ என்று அழைப்பார்கள். ‘வயல் ஐயா’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஊரில் யாருமே அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. அவர் என்னை ‘ந்துகு’ என்று அழைத்தார். உடன்பிறந்தவன் என்று பொருள். நாங்கள் பேசிக்கொண்டது அவருடைய சுவாஹிலியும் என்னுடைய ஆங்கிலமும் இரண்டிலும் பாதிப் பாதியுமாகக் கலந்த ஒரு மொழியில். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது, அவர் என் நினைவில் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறார். அதைத் திருத்திப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

என்னை அங்கே அனுப்பியவர் கோவில்பட்டியில் பயறு வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி. எங்கள் வீட்டுப் பாசிப்பயறையும் உளுந்தையும் பல ஆண்டுகளாக வாங்குபவர் அவர்தான். பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த என்னைத் தம் கடைக்கு வரச்சொன்னவரும் அவரே. உள்ளூர்ப் பயறு போதாமல் கடல் கடந்து கொள்முதல் செய்யத் தொடங்கியிருந்த நேரம் அது. அதுவரை தரகர்கள் மூலமாக வாங்கிவந்தவர், இடையில் ஆளில்லாமல் விவசாயியிடமே நேராக வாங்க வேண்டும் என்று விரும்பினார். அல்லது அப்படித்தான் என்னிடம் சொன்னார்.

“தம்பி, நீ படிச்ச பையன். அங்கன போயி நாலு மாசம் இரி. மண்ணு எப்படி, சனங்க எப்படி, என்ன தொழில் நடக்கு, எல்லாத்தையும் விலாவாரியா எழுதி அனுப்பு. நாம வியாபாரிக்கு வியாபாரியாவும் இருக்கணும், சம்சாரிக்கு ஒத்தாசையாவும் இருக்கணும்லா” என்றார். எங்கள் பக்கம் சம்சாரி என்றால் விவசாயி. அண்ணாச்சியின் அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை விமானம் ஏற்றியது. வணிகம் என்பது இரு தரப்புக்கும் நன்மை செய்யக்கூடிய ஒன்று என்று நான் தேர்வில் எழுதியிருந்தேன். அதை நடத்திப் பார்க்க ஒருவர் எனக்குச் சம்பளமும் தருகிறார் என்று நம்பினேன்.

அந்த நான்கு மாதங்களும் புவானா ஷாம்பாவின் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில்தான் கழிந்தன. மாவட்டம் மெல்ல ஏறி இறங்கும் வெட்டவெளி. மேட்டில் மணலும் செம்மண்ணும் கலந்த நிலம். அங்கேதான் வீடுகள், மக்காச்சோளம், சர்க்கரைவள்ளி. ஆங்காங்கே யாரோ அடுக்கிவைத்தவை போல வட்டப் பாறைகள். பள்ளத்தில் மட்டும் கறுப்பு மண். அதற்கு அவர்கள் ‘ம்புகா’ என்று தனிப் பெயரே வைத்திருந்தார்கள். கோடையில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக்கிடக்கும், மழையில் எருதின் குளம்பைப் பிடித்துக்கொண்டு விடாது. வீடுகள் நம் ஊர்போலத் தெருத்தெருவாக இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் நிலத்தின் நடுவே, முள்வேலிக்குள், மாடுகளைச் சுற்றி வாழ்ந்தது. மாடுதான் அவர்களுடைய சேமிப்பு. பெண்ணுக்கு மணம் பேசினால் மாடு; வழக்குத் தீர்த்தால் மாடு; பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பினால் ஒரு மாடு சந்தைக்குப் போனது. பருத்தி போட்டார்கள், அதன் விலை எங்கோ தீர்மானிக்கப்பட்டது. பயறுதான் அவர்கள் கையில் இருந்த பயிர். முதல் மழையில் பள்ளத்துக் கறுப்பு மண்ணில் விதைத்து, இடையில் மழை ஓயும்போது பறித்து, பெருமழை தொடங்கும் முன் விற்றுவிட வேண்டும்.

‘விற்றுவிட வேண்டும்’ என்பதற்கு அங்கே வேறோர் அழுத்தம் இருந்தது. அந்த ஊருக்கு வரும் ஒரே பாதை இரண்டு இடங்களில் கறுப்பு மண் பள்ளத்தைக் கடக்கிறது. பெருமழை இறங்கினால் லாரி வராது. மாதக் கணக்கில் வராது. ஈரக்காற்றில் மூட்டைக்குள் பயறு புழுங்கி வண்டு விழுந்துவிடும். ஆகவே பறித்த நாளுக்கும் பெருமழைக்கும் இடையிலுள்ள சில வாரங்கள்தான் அந்த மக்களின் ஆண்டு முழுவதையும் முடிவுசெய்தன. “எங்களுக்கு வருசத்துக்கு ஒரு வாசல்தான் திறக்கும் ந்துகு. மழை வந்து அதைச் சாத்திரும்” என்று புவானா ஷாம்பா முதல் வாரத்திலேயே சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வது என் வேலையாக இருந்தது.

அவர் அந்த ஊர்க்காரர் அல்லர். ஏரிக்கரையோரம் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். மாட்டைப் பற்றி எதுவும் தெரியாமல் வேலைக்கு வந்ததற்காக ஊரார் அவரைக் கேலி செய்வார்கள். கலப்பை பூட்டுவதில் அவர் ஒரு சிறு தவறு செய்தாலும் யாராவது ஒருவர், “விடுங்கப்பா, அவிய வலை வீசுதாவ” என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். என்னையும் விடமாட்டார். எங்கள் ஊரில் சிலர் மீனோ இறைச்சியோ சேர்க்காமல் பயறு மட்டும் தின்று காலந்தள்ளுகிறார்கள் என்று நான் சொன்னது அவருக்குப் பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. “அதான் கடல் தாண்டி வந்து எங்க பயறையும் கேக்குதீக” என்பார்.

அந்த ஊர்ப் பாசியில் ஒரு விசேஷம் இருந்தது. பளபளப்பான பச்சைப் பயறோடு, தோல் மங்கிய இன்னொரு வகையும் நாலில் ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும். தனியாகப் பிரித்தால் நல்ல விலை கிடைக்குமே என்று கேட்டேன். பெண்கள் சிரித்தார்கள். மங்கல் வகை பத்து நாள் பிந்திக் காய்க்கும். இடையில் மழை ஏமாற்றினாலும் அது ஏமாற்றாது. ஆகவே விதையிலேயே கலந்துதான் வைப்போம் என்றார்கள். பக்கத்து ஊர்களில் இந்த வழக்கம் விட்டுப்போயிருந்தது. இதையும் அறிக்கையில் எழுதினேன்.

அந்த அறிக்கையை நான் மிகுந்த உழைப்போடு எழுதினேன். நிலம், மக்கள், தொழில் என மூன்று பகுதிகள். மக்கள் பற்றிய பகுதியில் ஒரு வாக்கியம் எனக்கு இன்றும் மனப்பாடம்: ‘இம்மக்கள் ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், அவர் வரும்வரை வேறு வணிகரை ஏறிட்டும் பார்ப்பதில்லை, எனவே இவர்களிடம் நீண்டகால உறவை ஏற்படுத்திக்கொள்வது இரு தரப்புக்கும் பயனளிக்கும்.’ பின்பாதிக்காகத்தான் முன்பாதியை எழுதினேன். அண்ணாச்சி முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

தை மாதத்தில் பயறு களத்துக்கு வந்தது. அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் சொல்லிச் செய்ததன்று, கைப்பழக்கத்தில் செய்தது.

எங்கள் பக்கம் களத்தில் பயறு பார்க்க வரும் வியாபாரி, குவியலின் மேலிருந்து அள்ளமாட்டார். கையை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு கை எடுப்பார். பல்லில் கடித்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் அதைத் தம் துண்டின் நுனியில் போட்டு முடிந்துகொள்வார். அதோடு அந்தக் குவியல் அவருடையது. அடுத்து யார் வந்து கேட்டாலும் ‘முடிஞ்சாச்சு’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், மறு பேச்சில்லாமல் திரும்பிவிடுவார்கள். அப்படி முடிந்துகொண்டவர் சொன்ன நாளில் வந்து அன்றைய சந்தை விலைக்கு எடுத்தாக வேண்டும். எடுக்காதவருக்கு அடுத்த ஆண்டு எந்த ஊரிலும் களம் காட்டமாட்டார்கள். கையெழுத்து கிடையாது; முன்பணம் கிடையாது. இன்றும் கடம்பூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் செல்பேசியில் விலை பார்த்துக்கொண்டே துண்டு முடிச்சுக்கும் கட்டுப்படுகிறார்கள்.

அந்த ஊர்க் களத்தில் என் கை தானாகவே குவியலின் அடிக்குப் போயிற்று. ஒரு கை பயறை எடுத்து, கழுத்தில் கிடந்த துண்டில் முடிந்துகொண்டேன். முடிந்த பிறகுதான், சுற்றி நின்றவர்கள் எல்லாம் என்னைப் பார்ப்பதைக் கவனித்தேன். இது என்ன என்று புவானா ஷாம்பா கேட்டார். நான் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியவில்லை. அன்று மாலையே ஊர்க் கூட்டத்தைக் கூட்டி, என்னை நடுவில் நிறுத்தி, முடிச்சைத் தூக்கிக் காட்டச் சொன்னார். நான் சொன்னதைத் தம் மக்களுக்குச் சொன்னார்.

ஒருவர் எழுந்து, “துண்டை இவரு துவைச்சுப்புட்டா?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

“துவைச்சா பயறு முளைக்கும். முளைச்சாலும் அது நம்ம பயறுதான்” என்றார் புவானா ஷாம்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, “இவரு ஊர்லயும் இதே மண்ணுதான். இவரு நடந்ததை நான் பார்த்தேன். நான் பொறுப்பு” என்றார்.

‘நான் பொறுப்பு’ என்ற அந்தச் சொல்லைத்தான் ஊர் நம்பியது. என் துண்டையோ, என் அறிக்கையையோ, கோவில்பட்டியில் இருந்த கடையையோ அல்ல.

நான் பெருமையோடு அண்ணாச்சிக்குத் தொலைபேசியில் சொன்னேன். எத்தனை மூட்டை தேறும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு, “நல்ல காரியம் செஞ்ச தம்பி. மொத்த ஊரையும் முடிஞ்சுட்டியா? சரி, நீ இங்கன வா. நம்ம பக்கமும் அறுப்பு ஆரம்பிச்சிட்டு, ஆள் பத்தலை. லாரியை நான் பேசி அனுப்புதேன்” என்றார். புறப்படும் அன்று புவானா ஷாம்பா ஏரிக்கரை நகரம்வரை என்னோடு வந்தார். பேருந்தில் அமர்ந்த பிறகு ஜன்னல் வழியாக, “மழைக்கு முன்னால” என்று ஒரு தடவை மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கோவில்பட்டியிலிருந்து, செல்பேசி வழியாகத்தான் அறிந்தேன். நகரத்து வியாபாரிகள் இருவர் லாரியோடு ஊருக்கு வந்தார்கள். நல்ல விலைதான் சொன்னார்கள். ஊரார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘முடிஞ்சாச்சு’ என்ற சொல்லைத் தமிழிலேயே சொல்லி அனுப்பியதாகப் புவானா ஷாம்பா குரல் பதிவில் சொல்லிச் சிரித்தார். பின்னணியில் சிலர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகும் ஒலியும் கேட்டது. அந்தப் பதிவை அண்ணாச்சியிடமும் போட்டுக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

முதல் வாரம் கப்பலில் இடம் கிடைக்கவில்லை என்றார் அண்ணாச்சி. இரண்டாம் வாரம் லாரிக்காரன் கூடுதலாகக் கேட்கிறான் என்றார். மூன்றாம் வாரம், “அனுப்பியாச்சு தம்பி, வந்துகிட்டே இருக்கு” என்றார். நான் அதை அப்படியே அங்கே சொன்னேன். புவானா ஷாம்பாவின் பதிவுகள் வரவரச் சுருங்கின. முதலில் அரை நிமிடம் பேசியவர், பிறகு வானத்தைப் படம் எடுத்து மட்டும் அனுப்பினார். கிழக்கே தாழ்வாகச் சாம்பல் நிறம். மறுநாள் இன்னும் அடர்த்தியாக. அதற்கு மறுநாள் ஒரே ஒரு கேள்வி: “லாரி எங்கன இருக்கு ந்துகு?”

லாரி வந்தது. அது எங்கள் லாரி இல்லை. அதுவரை அந்த ஊருக்கு வராத ஒரு நகரத்து வியாபாரி, மழைக்கு ஒரு நாள் முன்னதாக, ஐந்து லாரிகளோடு வந்திறங்கினார். முன்பு வந்தவர்கள் சொன்னதில் பாதி விலைதான் சொன்னார். பேரம் பேசவில்லை, வானத்தைக் காட்டினார். ஊர் அன்று முழுவதும் என் லாரிக்காகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் எல்லா மூட்டைகளையும் அவருக்கே கொடுத்தது. கடைசி லாரி பள்ளத்தைத் தாண்டும்போதே தூறல் விழுந்துவிட்டதாம்.

நம் கரிசலில் மழை பிந்தினால் வருந்துவோம். வேறொரு கரிசலில் மழை முந்திவிடக் கூடாதே என்று நான் அந்த வாரம் முழுக்கத் தூத்துக்குடிச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போதெல்லாம் மேலே பார்த்துக்கொண்டு போனேன். இங்கே வானம் வெளிறிக் கிடந்தது.

பங்குனியில் துறைமுகத்திலிருந்து சரக்கு கிடங்குக்கு வந்தது. மூட்டைகளைப் பார்த்து மாதிரி எடுக்கச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள். முதல் மூட்டையில் கையை விட்டு அடியிலிருந்து எடுத்தேன். உள்ளங்கையில் பளபளப்புப் பச்சை. அதோடு நாலில் ஒன்றாகத் தோல் மங்கிய பயறு. அடுத்த மூட்டை, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே கலவை. வேறோர் ஊரிலும் அப்படிக் கலந்து விதைக்கலாம் அல்லவா என்று சில நிமிடம் எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். பிறகு அந்தக் கைப் பயறோடு நேராகக் கடைக்குப் போனேன்.

அண்ணாச்சி அப்போது ஓட்டப்பிடாரத்துச் சம்சாரி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவருடைய களத்தில் முந்தின வாரம் துண்டில் முடிந்த உளுந்தை எடுக்க லாரி போவது ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்பதற்காக, “மாமா, மன்னிச்சுக்கிடுங்க, டிரைவருக்குக் காய்ச்சல். நாளைக்கு நானே நேர்ல வாரேன்” என்று எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சம்சாரி போகும்வரை நான் காத்திருந்தேன். பிறகு கையை விரித்துக் காட்டினேன். இது யாரிடம் வாங்கியது என்று கேட்டேன்.

அவர் மறைக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் ஆறாமலிருக்கிறது. மறைக்க வேண்டிய ஒன்றாகவே அவருக்கு அது தோன்றவில்லை.

“அந்த ஊருதான். நம்ம ஏற்பாட்டுலதான் அந்த ஆளு போனான். நேரா நம்ம பேருல போயிருந்தா சந்தை விலை கொடுக்கணும்லா? நீ முடிஞ்சு வச்சதால வேற ஒருத்தனும் வாங்கல. நீதான தம்பி எழுதியிருந்த, ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்துட்டா இன்னொருத்தனை ஏறிட்டுப் பாக்கமாட்டாவன்னு? சரியாத்தான் எழுதியிருந்த.”

“அண்ணாச்சி, நான் முடிஞ்சேன். உங்க பேரைச் சொல்லி முடிஞ்சேன்.”

“முடிஞ்ச. இல்லங்கலையே.” அவர் என்னை உண்மையான அன்போடுதான் பார்த்தார். “இப்ப வந்துட்டுப் போறாரே மாமா, அவருக்கு ஒரு நாள் பிந்துனதுக்கு நான் எந்திரிச்சு நிக்கேன். ஏன்? நாளைக்கு இதே பஜார்ல நான் நடக்கணும். அவிய யாரு, நாம யாரு? அங்கன இருந்து இங்கன வந்து எவன் கேக்கப் போறான்? நீ ஏன் மனசப் போட்டுக் குழப்புத? போ, போயி மாதிரியைப் பாக்கெட்டுல போடு.”

வாக்கை அவர் ஒரு நற்குணமாக வைத்திருக்கவில்லை. நாலு பேர் பார்க்கும் தூரத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒன்றாக வைத்திருந்தார். இதை நான் முன்பே கண்டுகொண்டிருக்க வேண்டும். முடிச்சின் பலம் துணியில் இல்லை, அடுத்த ஆண்டும் அதே களத்துக்கு வர வேண்டியிருப்பதில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு போகாமல், துணியை மட்டும் கடல் தாண்டிக் கொண்டுபோனவன் நான். கறுப்பு மண்ணைக் கண்டவுடன் இது நம் ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணாச்சி அப்படி நினைக்கவேயில்லை.

அந்த மலிவுப் பாசி சந்தையில் இறங்கிய வாரத்தில் இங்கும் விலை சரிந்தது. இன்னும் விற்காமல் வைத்திருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். “எங்கிருந்தோ கப்பல்ல வந்து எறங்கியிருக்காம். அந்த நாட்டுக்காரன் இப்படி அடிமாட்டு விலைக்கு வித்தா நாம எங்கன போக?” என்று அவர் சாப்பாட்டுத் தட்டின் முன் புலம்பினார். அந்த நாட்டுக்காரனை எனக்குத் தெரியும், அவனும் இப்படித்தான் புலம்பிக்கொண்டிருப்பான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்பா அந்தப் பாசியையும் மறுநாள் அண்ணாச்சி கடையில்தான் போட்டார். வேறு எங்கே போடுவார்?

புவானா ஷாம்பா என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நடந்தது முழுவதையும் செல்பேசியில் அவரிடம் சொல்லி முடித்தேன். மறுமுனையில் தகரக்கூரைமேல் மழை விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஊர்ல என்ன சொல்லுதாவ தெரியுமா?” என்றார் அவர். “நானும் அந்த லாரிக்காரனும் கூட்டுன்னு சொல்லுதாவ. நான்தான் நல்ல விலைக்காரனைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். நான்தான் பொறுப்புன்னு சொன்னேன். பெறவு மழைக்கு முந்தின நாள் அந்த ஆளு வாரான். அவிய நினைக்கதுல தப்பு இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.” பிறகு சொன்னார்: “எனக்குப் பணம் வேண்டாம் ந்துகு. அவிய நட்டத்தை நீ ஈடுகட்டவும் முடியாது. ஒரு எழுத்து அனுப்பு. நடந்ததை நடந்தபடி எழுது. யாரு செஞ்சா, எப்படிச் செஞ்சா, என் கையில ஒண்ணும் வரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நான் கூட்டத்துல வாசிச்சுக் காட்டுதேன். அது போதும்.”

அன்றே எழுதினேன். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அண்ணாச்சியின் பெயர், கடையின் பெயர், இடையில் அனுப்பப்பட்டவரின் பெயர், எல்லாம் இருந்தன. கையெழுத்தும் போட்டேன். அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்பதற்கு நான் அப்போது வைத்திருந்த காரணங்கள் ஒன்றுகூடப் பொய்யில்லை. அண்ணாச்சியின் பெயர் எழுத்தில் வெளியே போனால், அப்பா தம் பயறை வேறு எங்கும் போட முடியாது. பஜாரில் ஒருவர் பகைத்தால் மற்றவர்களும் வாங்கமாட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை இந்த வேலை வேண்டும். வேலையை விட்ட மறுநாளே அனுப்பிவிடலாம்; ஊர் அங்கேயேதான் இருக்கப்போகிறது. விளைவுகளை எடைபோட்டுப் பார்ப்பவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நல்ல எண்ணம் இருந்தது. ஒரு தட்டில் என் வீட்டாரை வைத்தேன். மறு தட்டில் அவர் இருந்தார். எடை பார்த்தவன் எந்தத் தட்டின் பக்கம் நின்றுகொண்டிருந்தான் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும், “அனுப்பியாச்சு, வந்துகிட்டே இருக்கு” என்றேன். அந்தச் சொற்கள் யாருடையவை என்பது, வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்து, ஓட்டப்பிடாரம் வட்டத்தில் விவசாயிகளே சேர்ந்து நடத்தும் ஓர் உற்பத்தியாளர் அமைப்பில் எனக்கு வேலை கிடைத்தது. அண்ணாச்சி மனவருத்தத்தோடு, ஆனால் மரியாதையோடு அனுப்பிவைத்தார். என் மகன் மாதிரி என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அன்றே தபால் நிலையத்துக்குப் போய்க் கடிதத்தை அந்த மாவட்ட வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அதன் படத்தைப் புவானா ஷாம்பாவின் எண்ணுக்கும் அனுப்பினேன். படம் போய்ச் சேரவில்லை. அந்த எண் பிறகு எப்போதும் இயங்கவில்லை.

இப்போது நான் இருக்கும் அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட கரிசல் தெரிகிறது. விவசாயிகள் என்னை நம்பி எடைபோட்டுத் தருகிறார்கள். சென்ற வாரம் ஒரு கூட்டத்தில், “நம்ம தம்பி நேர்மையான ஆளு” என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் மறுக்கவில்லை, மறுத்தால் அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள்தான் ஒரு பதில் வந்தது. எழுதியவர் அந்த வட்டாரத்தின் இப்போதைய புவானா ஷாம்பா. முன்பிருந்தவர், ஊரார் கொடுத்த புகாரின்மேல் அந்த மழைக்காலம் முடியும் முன்பே மாற்றப்பட்டுவிட்டாராம். எங்கே என்று தமக்குத் தெரியாது என்கிறார். அலுவலகப் பழைய காகிதங்களில் என் கடிதத்தைக் கண்டெடுத்து, ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டியிருக்கிறார். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். வாசித்து முடித்ததும் ஒரு பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாராம். கூட்டத்தில் யாருக்கும் பதில் தெரியாததால், எழுதியவரிடமே கேட்டுச் சொல்லும்படி இவரைப் பணித்திருக்கிறார்கள். வாக்குக் கொடுத்துவிட்டதால் கேட்கிறேன் என்கிறார்.

கேள்வி இதுதான்: “பழைய புவானா ஷாம்பா இங்கன இருந்தப்போ இந்த எழுத்து எங்க இருந்துச்சு?”

எனக்குத் தெரியும். அண்ணாச்சி கடையில், என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், அவருடைய நாற்காலியிலிருந்து ஆறடி தூரத்தில் இருந்தது. அது பூட்டு இல்லாத இழுப்பறை.